பல்லாவரத்துக் கல்லில் ஒரு ஞானஸ்நானத் தொட்டி

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையார் கட்டியவற்றுள் இன்றும் நிற்கும் மிகப் பழைய ஆலயம் இதுவே. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவுக்குக் காத்திராமல், கோட்டைவாசிகளிடம் நன்கொடை திரட்டி 1678இல் திருப்பணியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கவர்னரான எலிஹு யேல் மணம் முடித்ததும், 1753இல் ராபர்ட் கிளைவ் மணம் முடித்ததும் இங்கேதான். அந்தப் பெயர்களைத் தேடி வருவோர், ஆலயத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்த ஞானஸ்நானத் தொட்டியின் முன் அதிகம் நிற்பதில்லை. பல்லாவரத்துக் கருங்கல்லில் செதுக்கிய அந்தத் தொட்டி, நம் சேலம், நாமக்கல் மண்ணோடும் உறவுடையது.

தொட்டி கல்லால் ஆனதற்குப் பின்னே இங்கிலாந்துச் சபையின் நெடிய மரபு இருக்கிறது. இடைக்காலத்தில் ஞானஸ்நான நீரை அர்ச்சித்து, தொட்டியிலேயே வைத்திருப்பார்கள். அந்த நீரைப் பில்லி சூனியத்துக்கு எடுத்துப் போகாதபடி, தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்கவேண்டும் என்று 1236இல் கான்டர்பரிப் பேராயர் எட்மண்ட் விதி செய்தார். ஞானஸ்நானம் நடக்கும் ஒவ்வோர் ஆலயத்திலும் கல் தொட்டி இருக்கவேண்டும் என்று 1604ஆம் ஆண்டின் சபைச் சட்டம் மீண்டும் வற்புறுத்தியது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பியூரிட்டன்கள் பல தொட்டிகளை அகற்றிவிட்டுச் சாதாரணக் கிண்ணங்களை வைத்தார்கள். 1660இல் முடியாட்சி திரும்பிய பிறகு கல் தொட்டிகள் மறுபடி எழுந்தன. சென்னைத் தொட்டி அந்த மறுமலர்ச்சிக் காலத்தது. விதி கடல் கடந்து வந்தது. விதியை நிறைவேற்றிய கல் பல்லாவரத்தில் கிடைத்தது.

1689 ஆகஸ்ட் 19 அன்று கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் மகள்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் மூவரும் இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களின் தாய் ஓர் இந்தியப் பெண் என்பது வழிவழியாக வரும் செய்தி. மறு ஆண்டு வங்காளம் திரும்பிய சார்னாக், கல்கத்தாவில் கம்பெனியின் குடியிருப்பை நிறுவினார். அவர் 1693இல் இறந்தபின், அவருடைய கல்லறைக்கும் பல்லாவரத்துக் கல்லே போயிற்று. இரு நூற்றாண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893இல் அப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். மகள்கள் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் தொட்டியும், தந்தையின் கல்லறையும் ஒரே இனப் பாறை.

இந்தப் பாறைக்குப் பல்லாவரமும் பரங்கிமலையும் மூல இடங்கள். ஆனால் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் இதே பாறையால் ஆனவை. நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்துக்கு வடகிழக்கிலும் கிழக்கிலும் நிற்கும் அந்த மலைகளை நாம் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், நீர்ச்சத்து குறைந்த கடும் வெப்பத்தில் உருவான பாறை இது. ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதன் அடையாளம். உடைத்த முகத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற கருமையும், சில இடங்களில் நீலம் கலந்த படிகக் கல்லும் தெரியும். படிகங்கள் இறுகப் பின்னியிருப்பதால் நீர் எளிதில் ஊறாது. நீரைத் தாங்கும் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கல் அரிது.

ஆலய வரலாறு எழுதும்போது கட்டியவர் பெயரும் நன்கொடையாளர் பெயரும் ஏறிவிடுகின்றன. கல் எங்கிருந்து வந்தது என்பது விடுபட்டுப் போகிறது. அந்த ஒரு வரி விடுபட்டால், கிறிஸ்தவத் தொட்டி அயலார் கொண்டுவந்த பொருளாகவே தோன்றும். அந்த வரி இருந்தால், அது தமிழ் மண்ணின் பாறையில் பிறந்தது என்பது விளங்கும். நம் பகுதியை எடுத்துக்கொண்டால், லண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. அதன் பின் இங்கு எழுந்த பழைய ஆலயங்களின் தொட்டிகளையும் கல்வெட்டுப் பலகைகளையும் கல்லறைகளையும் அளந்து, படமெடுத்து, கல்லின் இனத்தோடு பதிவு செய்யவேண்டும். வெள்ளையடிப்பும் டைல்ஸும் அவற்றை மறைத்துவிடுமுன் சபையாரும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து செய்யக்கூடிய பணி இது. அடுத்து வரும் ஆலய மலர்கள், நன்கொடையாளர் பட்டியலுக்குத் தரும் மதிப்பை அந்தக் கற்களுக்கும் தரட்டும்.