புண்ணுக்குச் செய்த அறுவை

1924-இல் உயிர்வளிக் கலம் இல்லாமல் எவரெஸ்ட் மலையில் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் ஓர் அறுவை மருத்துவர். அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கு முன்சிறுகுடற்புண் மிகுதி. இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரே இணைத்து அவர் பலரைக் குணப்படுத்தினார்.

இத்தகைய அறுவைக்குப் பின் சிலருக்கு ஒரு புதிய தொல்லை. உண்ட அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, கிறுகிறுப்பு! இரைப்பையின் கீழ்வாயிலிலுள்ள சுருக்குத்தசை உணவைச் சிறிது சிறிதாகவே கீழே விடும். அந்தக் காவலைத் தாண்டி வழி அமைத்தால், சர்க்கரை செறிந்த கரைசல் மொத்தமாகக் குடலில் இறங்கும்; இரத்தத்திலுள்ள நீர் குடலுக்குள் பாயும். பள்ளியில் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றிக் காட்டுவார்களே, அந்தச் சவ்வூடு பரவல்தான் இது. குடலின் சுரப்புகளுக்கும் இதில் பங்குண்டு.

புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிவதைக் கண்ட அமெரிக்கர் எட்வர்ட் மேசன், 1966-இல் உடற்பருமனுக்கே இவ்வழியைக் கையாண்டார். புண்ணுக்கோ, 1982-இல் வாரனும் மார்ஷலும் அதன் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகு, பெரும்பாலும் மாத்திரையே போதுமென்றாயிற்று. அறுவை நோய் மாறியது, தொல்லை மாறவில்லை.

எனவே பருமனுக்கு அறுவை செய்துகொண்டவர் சிறிது சிறிதாக உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மணியடிப்பதற்குள் விழுங்கிப் பழகியவரிடம் ஓர் இட்லியை இருபது நிமிடம் மெல்லச் சொன்னால் கடினந்தான். கல்யாண வீட்டுப் பாயசத்தை மறுப்பது அதைவிடக் கடினம். பி12 உயிர்ச்சத்தும் இரும்புச்சத்தும் வாழ்நாள் முழுவதும் தனியே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.