விண்வெளியில் இருந்து படைவீரர்களைப் போர்க்களத்தில் இறக்க முடியுமா? தடையாக இருப்பது ராக்கெட் மட்டுமல்ல

உலகின் எந்த மூலையில் நெருக்கடி மூண்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே படைவீரர்களை விண்வெளி வழியாக இறக்கிவிட முடியுமா? அறிவியல் புனைகதைகளில் மட்டும் எழும் கேள்வி அல்ல இது. அமெரிக்கப் படைத்துறையின் திட்ட அறிக்கைகளில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வி இடம்பெற்று வருகிறது. படைத் தளவாடங்களை ராக்கெட்டில் அனுப்புவது குறித்த ஆய்வுக்காக 2022 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடன் அந்நாட்டு விமானப்படை 10.2 கோடி டாலர் மதிப்பில் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டதை அடுத்து, தளவாடங்களைத் தொடர்ந்து வீரர்களும் செல்வார்களா என்ற விவாதம் மீண்டும் சூடுபிடித்தது.

விண்வெளியில் இருந்து வீரர்களை இறக்குவது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு திட்டங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, தரையில் இருந்து கிளம்பும் ராக்கெட் விண்வெளியைத் தொட்டு, பூமியின் மற்றொரு பகுதியில் இறங்குவது. மற்றொன்று, சுற்றுவட்டப்பாதையில் ஒரு நிலையத்தில் வீரர்களைத் தயார் நிலையில் வைத்திருந்து, தேவைப்படும்போது கீழே அனுப்புவது. முதலாவது கடினமானது. இரண்டாவது, இன்றைய நிலையில் பெரும்பாலும் கற்பனையே.

பழைய கனவு

1958இல் அமெரிக்க ராணுவம் 'ஆடம் திட்டம்' என்ற பெயரில், ரெட்ஸ்டோன் ஏவுகணையின் முனையில் ஒரு மனிதரை அமர்த்தி விண்வெளிக்கு அனுப்பி மீட்கலாம் என்று முன்மொழிந்தது. வெர்னர் வான் பிரவுன் குழுவினர் தயாரித்த அத்திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்று, வருங்காலத்தில் துருப்புகளை ஏவுகணையில் ஏற்றிச் செல்ல அது வழிவகுக்கும் என்பதாகும். பின்னாளில் நாசாவின் துணை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஹியூ டிரைடன், சர்க்கஸில் பெண் ஒருவரைப் பீரங்கியில் வைத்துச் சுடும் வித்தைக்கு நிகரான தொழில்நுட்ப மதிப்புதான் அதற்கு உண்டு என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு கேலி செய்தார். திட்டம் கைவிடப்பட்டது.

1960களில் டக்ளஸ் விமான நிறுவனத்தின் பொறியாளர் பிலிப் போனோ இன்னும் பெரிதாகச் சிந்தித்தார். 'இதாகஸ்' என்று பெயரிடப்பட்ட அவரது ராக்கெட், 1,200 வீரர்களைச் சுமந்து கண்டம் விட்டுக் கண்டம் தாவும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அது வரைபடத்தாளைத் தாண்டவில்லை. 2002இல் அமெரிக்க மரைன் படை 'சஸ்டெய்ன்' என்ற கருத்துருவை முன்வைத்தது. 13 வீரர்கள் கொண்ட ஒரு சிறு அணியை உலகின் எந்த இடத்துக்கும் இரண்டு மணி நேரத்தில் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இடையில் உள்ள நாடுகளின் வான்வெளியைப் பயன்படுத்த அனுமதி கேட்கத் தேவையிருக்காது என்பதே அதன் முக்கியக் கவர்ச்சியாக இருந்தது. அதுவும் செயல்வடிவம் பெறவில்லை.

13 பேர் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இதுவரை ஒரே விண்கலத்தில் ஒருசேரப் பயணித்த மனிதர்களின் அதிகபட்ச எண்ணிக்கை 8 மட்டுமே. 1985 அக்டோபரில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் அது நிகழ்ந்தது.

சரக்கு ராக்கெட் எங்கே நிற்கிறது?

'ராக்கெட் கார்கோ' திட்டத்தை 2021 ஜூனில் அமெரிக்க விமானப்படை தனது முன்னுரிமைத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. சுமார் 100 டன் சரக்கை உலகின் எப்பகுதிக்கும் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புவது அதன் நோக்கம். சி-17 சரக்கு விமானம் ஏறக்குறைய 77 டன் சுமக்கும்; 10,000 கி.மீ. தொலைவைக் கடக்க அதற்கு 12 மணி நேரம் ஆகும். விண்வெளி வழியாகச் செல்லும் ராக்கெட் அதே தொலைவை முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும்.

இந்த ஒப்பீடு ஒரு விஷயத்தை மறைத்துவிடுகிறது. ராக்கெட் பறக்கும் நேரம் வேறு, உத்தரவு கிடைத்ததில் இருந்து அது கிளம்புவதற்கு ஆகும் நேரம் வேறு. இந்திய விமானப்படை அதிகாரி சுபான்ஷு சுக்லா பயணித்த அக்சியம்-4 திட்டமே இதற்கு அண்மைக்கால உதாரணம். மோசமான வானிலை, ராக்கெட்டில் கண்டறியப்பட்ட திரவ ஆக்சிஜன் கசிவு, சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் நடந்த பழுதுநீக்கப் பணி ஆகிய காரணங்களால் அப்பயணம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஜூன் 25ஆம் தேதிதான் தொடங்கியது. நூற்றுக்கணக்கான முறை ஏவப்பட்டு நம்பகத்தன்மை நிரூபிக்கப்பட்ட ஃபால்கன் 9 ராக்கெட்டுக்கே இந்நிலை என்றால், எதிரி காத்திருக்க மாட்டான் என்ற சூழலில் ஒரு படைத்தளபதி எதை நம்பித் திட்டமிடுவார் என்ற கேள்வி எழுகிறது.

ராக்கெட் இறங்குமிடத்திலும் சிக்கல் உள்ளது. ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் முதல் சோதனை 2023 ஏப்ரல் 20 அன்று நடந்தபோது, என்ஜின்களின் உந்துவிசையில் டெக்சாஸ் ஏவுதளத்தின் கான்கிரீட் தளமே பெயர்ந்து சிதறியது. இறங்கும்போது இயங்கும் என்ஜின்கள் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் மண்தரையிலோ பாறை நிலத்திலோ இறங்கினால் தெறிக்கும் கற்கள் கலத்தையே சேதப்படுத்தக்கூடும். எனவே முன்கூட்டியே அமைக்கப்பட்ட தளம் தேவை. போர்க்களத்தில் அப்படியொரு தளத்தைக் கட்டிவைத்திருக்க முடிந்த படைக்கு, ராக்கெட்டின் தேவை பெரிதாக இருக்காது.

நட்பு நிலத்தில் தளம் அமைப்பதும் எளிதாக இல்லை. ஹவாய்க்குத் தென்மேற்கே பசிபிக் பெருங்கடலில் உள்ள ஜான்ஸ்டன் பவளத்தீவில் சரக்கு ராக்கெட்டுகளுக்கான இறங்குதளங்களை அமைக்க அமெரிக்க விமானப்படை 2025 மார்ச்சில் முடிவு செய்தது. அத்தீவு கடற்பறவைகளின் சரணாலயம். எதிர்ப்பு வலுத்ததை அடுத்து அதே ஆண்டு ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

சுற்றுவட்டப்பாதையில் காத்திருந்தால்?

விண்வெளி நிலையத்தில் இருந்து நேராகக் கீழே குதிப்பது போன்ற காட்சி திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் பழகிப்போனது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012இல் சுமார் 39 கி.மீ. உயரத்தில் இருந்து குதித்துப் பாராசூட்டில் தரையிறங்கியதையும் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆனால் அவர் குதித்தது பலூனில் இருந்து. பலூன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் நிலையமோ வினாடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் விரைகிறது.

அந்த வேகத்தில் செல்லும் ஒவ்வொரு கிலோ எடையிலும் உள்ள இயக்க ஆற்றல், அதே எடை கொண்ட டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றலைப் போல் ஏழு மடங்கு. ஆயுதங்களுடன் 100 கிலோ எடையுள்ள ஒரு வீரரைத் தரைக்குக் கொண்டுவர, 700 கிலோ வெடிமருந்துக்கு இணையான ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் கரைத்தாக வேண்டும். வெப்பக் கவசம் இதற்காகவே தேவைப்படுகிறது. தனிமனிதர் ஒருவர் நுரைப்பொருள் நிரப்பிய உறைக்குள் அமர்ந்து பூமிக்குத் திரும்பும் 'மூஸ்' என்ற அவசரகாலச் சாதனத்தை 1960களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்தது. அதை யாரும் விண்வெளியில் பயன்படுத்தியதில்லை.

அடுத்த தடை, நிலையம் எப்போதும் தேவையான இடத்துக்கு மேலே இருக்காது என்பது. சுமார் 90 நிமிடங்களில் நிலையம் ஒருமுறை சுற்றி வருவதற்குள், பூமி நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 2,500 கி.மீ. நகர்ந்துவிடுகிறது. இதனால் ஒரு நிலையத்தின் பாதை குறிப்பிட்ட ஓர் ஊருக்கு அருகே நாளொன்றுக்கு ஓரிரு முறை மட்டுமே அமையும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் கொண்டால், பக்கத்து நாட்டுத் தளத்தில் இருந்து புறப்படும் சாதாரண விமானமே முந்திக்கொள்ளும். இதைத் தவிர்க்கப் பல நிலையங்களையும் அவற்றில் நூற்றுக்கணக்கான வீரர்களையும் ஆண்டு முழுவதும் வைத்திருக்க வேண்டும். ஒரே ஒருவர் சென்றுவந்த சுக்லாவின் பயணத்துக்கு இந்தியா சுமார் 550 கோடி ரூபாய் செலவிட்டது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உடல்நிலை. எடையற்ற நிலையில் சில வாரங்கள் தங்கித் திரும்புவோருக்கு நிற்கவும் நடக்கவும் பிறர் துணை வேண்டியிருக்கிறது. சுமார் 20 நாள் பயணத்துக்குப் பின் திரும்பிய சுக்லா ஏழு நாள் மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தார். கலத்தின் கதவைத் திறந்ததும் துப்பாக்கியுடன் ஓட வேண்டிய வீரருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

குறி தவறினால்

பாராசூட்டில் இறங்கும் விண்கலங்கள் பெரும்பாலும் குறித்த இடத்துக்கு அருகிலேயே இறங்குகின்றன. தவறும்போது தூரம் சிறியதாக இருப்பதில்லை. 1965இல் வோஸ்கோத்-2 கலத்தில் திரும்பிய சோவியத் வீரர்கள் பெல்யாயெவும் லியோனவும், இலக்கில் இருந்து ஏறக்குறைய 400 கி.மீ. விலகி, பனி மூடிய யூரல் காட்டில் இறங்கி இரண்டு இரவுகளை அங்கேயே கழித்தனர். 2008 ஏப்ரலில் சோயுஸ் டிஎம்ஏ-11 கலமும் கஜகஸ்தானில் 400 கி.மீ.க்கும் மேல் தள்ளி விழுந்தது. அதில் இருந்த மூவரும் புவியீர்ப்பைப் போல் எட்டு மடங்கு அழுத்தத்தைத் தாங்க நேர்ந்தது. அமைதிக் காலத்தில் இது மீட்புப் பணியோடு முடிந்துவிடும். போர்க்காலத்தில் 400 கி.மீ. விலகல் என்பது எதிரியின் பாசறைக்கு நடுவே கொண்டுபோய் விடலாம்.

ஏவுகணை என்று நினைத்துவிட்டால்?

விவாதங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் ஆபத்தான அம்சம் இதுவே. பெரிய ராக்கெட் கிளம்பிய சில வினாடிகளிலேயே அதன் வெப்பத்தை எச்சரிக்கைச் செயற்கைக்கோள்கள் கண்டுகொள்ளும். ரகசியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து, வருவது 13 வீரர்களா அணுகுண்டா என்பதைப் பார்ப்பவரால் பிரித்தறிய இயலாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே வகைப் பாதையில்தான் வரும்.

1995 ஜனவரி 25 அன்று நார்வேயில் இருந்து துருவ ஒளியை ஆய்வு செய்ய ஏவப்பட்ட ஓர் அறிவியல் ராக்கெட்டை, ரஷ்ய ரேடார் நிலையம் அமெரிக்க ஏவுகணையாக இருக்கலாம் என்று கருதியது. நார்வே முன்னறிவிப்பு கொடுத்திருந்தும் தகவல் ரேடார் பணியாளர்களைச் சென்றடையவில்லை. அதிபர் போரிஸ் யெல்ட்சினிடம் அணு ஆயுதக் கட்டளைப் பெட்டி கொண்டுவரப்பட்டது. ராக்கெட் ரஷ்யாவை நோக்கி வரவில்லை என்பது சில நிமிடங்களில் உறுதியானதால் பதற்றம் தணிந்தது.

முன்னறிவிப்பு கொடுத்தே இப்படி என்றால், முன்னறிவிப்பு கொடுக்கவே முடியாத திடீர்த் தாக்குதலின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். தெற்காசியாவில் தொலைவுகள் இன்னும் குறைவு. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் ஒப்பந்தம் செய்துகொண்டதே இத்தகைய தவறான புரிதலைத் தவிர்ப்பதற்காகத்தான்.

போனவர்கள் திரும்புவது எப்படி?

வான்வழியே இறக்கப்பட்ட படைகளின் வரலாறு, இறங்குவதைவிடத் தாக்குப்பிடிப்பதே கடினம் என்று காட்டுகிறது. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னம் நகரில் இறங்கிய நேசநாட்டு வான்படைப் பிரிவினர் சுமார் 10,000 பேர். இரண்டு நாளில் வந்துசேர வேண்டிய தரைப்படை வரவில்லை. ஒன்பது நாள் போருக்குப் பின் ரைன் ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் ஏறக்குறைய 2,400 பேர் மட்டுமே. ராக்கெட்டில் வரும் சிறு அணிக்குக் கனரக ஆயுதமோ வாகனமோ இருக்காது. வந்த கலத்திலேயே திரும்பலாம் என்றால், ஸ்டார்ஷிப் போன்ற கலத்துக்கு ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட மீத்தேனையும் திரவ ஆக்சிஜனையும் அந்தப் போர்க்களத்தில் யாராவது நிரப்பித் தர வேண்டும்.

விரைவு நடவடிக்கை வெற்றி பெற்ற உதாரணம் இந்தியாவிடமே உள்ளது. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவில், இலங்கையின் பிளாட் இயக்கத்தைச் சேர்ந்த கூலிப்படையினரின் துணையோடு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. அதே நாள் இரவில் ஆக்ராவில் இருந்து 2,000 கி.மீ.க்கும் அதிகமான தொலைவைக் கடந்து ஐஎல்-76 விமானங்களில் இந்திய பாராசூட் படையினர் ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கினர். அந்த விமான நிலையத்தைக் கலகக்காரர்கள் கைப்பற்றத் தவறியிருந்தனர். வேகத்தோடு, பாதுகாப்பான ஓடுதளமும் திரும்பும் வழியும் இருந்ததாலேயே 'ஆபரேஷன் காக்டஸ்' வெற்றி பெற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்கள் உள்ளிட்ட பேரழிவு ஆயுதங்களைச் சுற்றுவட்டப்பாதையில் நிறுத்தத் தடை விதிக்கிறது. நிலவிலும் பிற விண்பொருள்களிலும் ராணுவத் தளங்கள் அமைக்கவும் தடை உண்டு. சுற்றுவட்டப்பாதையில் வீரர்களை வைத்திருப்பது பற்றி வெளிப்படையான தடை ஏதுமில்லை. அதே ஒப்பந்தம் விண்வெளி வீரர்களை மனிதகுலத்தின் தூதர்களாகக் கருதி, விபத்தில் இறங்கினால் உதவ வேண்டும் என்கிறது. பழுதடைந்த விமானத்தில் இருந்து குதிப்பவரைத் தாக்கக் கூடாது, ஆனால் தாக்குதலுக்காக இறக்கப்படும் வான்படையினருக்கு அப்பாதுகாப்பு இல்லை என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு கூடுதல் நெறிமுறை தெளிவாகக் கூறுகிறது. ஆயுதத்துடன் விண்வெளியில் இருந்து குறி தவறி இறங்கும் ஒருவர் தூதரா, போர்க்கைதியா என்பதற்கு இவ்விரு ஆவணங்களும் நேரடி விடை தரவில்லை.

இன்றைய தொழில்நுட்பத்தைக் கொண்டு பார்த்தால், முதலில் நடைமுறைக்கு வரக்கூடியது ஏற்கெனவே தரையில் இருக்கும் படைக்கோ பேரிடர் பகுதிக்கோ மருந்தும் உதிரிப் பாகங்களும் அனுப்புவதுதான். இந்தியாவின் ககன்யான் கலம் மூன்று பேரை 400 கி.மீ. உயரத்துக்கு அழைத்துச் சென்று, கடலில் இறங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. அவர்களை மீட்பதற்குக் கடற்படைக் கப்பல்கள் முன்கூட்டியே அங்கே காத்திருக்கும்.