பொன் அகழ்ந்த ஆழமும் விண்கதிரின் ஆற்றலும்

பேராக் மாநிலத்தில் மண்ணோடு போராடியவர்களின் வரலாறு நெடியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவை நகரமாக்கியது. அதைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் கப்பலேறி வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரை அனுப்பிய வட ஆர்க்காட்டுச் சீமையே, மேற்கே கோலார் தங்கவயலுக்கும் ஆட்களை அனுப்பியது. 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் வளரத் தொடங்கிய அச்சுரங்கங்களில், தமிழ்த் தொழிலாளர் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை பாறையைக் குடைந்தனர். பொன்னுக்காக வெட்டப்பட்ட அந்த ஆழமே, பிற்காலத்தில் விண்ணிலிருந்து வரும் கதிர்களை அளக்கும் கோலாயிற்று.

விண்கதிர் என்பது யாது? 1912-ஆம் ஆண்டு விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரம் மிக மிகக் கதிர்வீச்சும் மிகுவதைக் கண்டார். அது மண்ணிலிருந்து எழுவதன்று, வானிலிருந்து வருவது என்று துணிந்தார். அதற்காக 1936-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஜாவாவின் பாண்டுங் நகரில் பணியாற்றிய டச்சு அறிஞர் யாக்கோப் கிளே, 1927-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற கப்பலில் கருவியோடு பயணம் செய்து, நிலநடுக்கோட்டை அடுத்துக் கதிர் குறைவதை அறிந்தார். மின்னூட்டம் கொண்ட துகள்களைப் புவியின் காந்தப்புலம் மறிப்பதே இதற்குக் காரணம். அத்தடை உலகிலேயே மிக வலிமையாக உள்ள பகுதி தென்னிந்தியாவும் தென்கிழக்காசியாவுமே. ஆற்றல் குறைந்த துகள்கள் ஈப்போவின் வானிலும் உதகையின் வானிலும் நுழைவதில்லை.

அத்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறு ஹைட்ரஜனின் அணுக்கரு, அதாவது புரோட்டான். ஏறத்தாழ ஒன்பது ஹீலியம். எஞ்சிய ஒன்றில் கரியும் உயிர்வளியும் இரும்பும் பிறவும் அடங்கும். அவற்றின் ஆற்றலோ ஒரே அளவினதன்று. ஆற்றல் வரம்பைப் பத்து மடங்கு உயர்த்தினால், அவ்வரம்பைத் தாண்டும் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. மூவாயிரம் இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு மேல் அச்சரிவு இன்னும் செங்குத்தாகிறது. வரைபடத்தில் கோடு மடங்கும் அவ்விடத்தை ஆய்வாளர் 'முழங்கால்' என்பர்.

இச்சரிவை அளக்க ஆழம் எவ்வாறு உதவும்? விண்கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் துகள்களுள் மியூவான் என்பது பாறையையும் ஊடுருவும். ஆயினும் ஒவ்வொரு மீட்டர் பாறையும் அதன் ஆற்றலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. ஆழம் மிக மிக, பேராற்றல் கொண்டவை மட்டுமே எஞ்சும். ஆகவே வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களை எண்ணினால், மேலே அவற்றுக்கிருந்த ஆற்றலின் பரவலை அறியலாம். ஹோமி பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.வி. ஸ்ரீகண்டன், 1951-இல் கோலாரில் தொடங்கிய பணி இதுவே. 1965-இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர் குழு, விண்கதிரால் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டது. உலகில் இதனை முதன்முதல் கண்ட இரு குழுக்களுள் அது ஒன்று. மற்றொன்றும் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் பணியாற்றியதே.

பின்னர்க் கோலாரில் பொன் அருகியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன்பே ஆய்வும் அங்கு முடிந்துவிட்டது. ஆனால் கருவிகள் வீணாகவில்லை. புரோட்டான் சிதைகின்றதா என்று அறியச் சுரங்கத்தில் அடுக்கப்பட்டிருந்த ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் உதகமண்டலத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் மறுவாழ்வு பெற்றன. பாறைக்கு மாற்றாக அங்கே தடித்த கற்காரை அடுக்குகள் கூரையாயின. ஒரே ஆற்றலோடு வந்தாலும் இரும்பின் அணுக்கரு புரோட்டானைவிட மிகுதியான மியூவான்களைப் பிறப்பிக்கும். ஆதலால் மியூவான்களை எண்ணி, வந்த துகள் எத்தனிமத்தினது என்று பகுத்தறிகின்றனர். இம்முறையால் 2024-இல் வெளியான ஆய்வு, 166 இலட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டை அடுத்துப் புரோட்டான்களின் சரிவு சற்றுத் தணிவதைக் காட்டியது. முழங்கால் வரை சரிவு ஒரே சீரானது என்ற நெடுநாள் கருத்தை அது அசைத்தது.

அறிவியல் ஏடுகளில் ஆய்வாளர் பெயர்கள் உண்டு. பாறை வெடிப்புக்கும் வெப்பத்துக்கும் இடையே அந்த ஆழத்தை வெட்டிய தொழிலாளர் பெயர்கள் இல்லை. சுரங்கம் மூடியபின் தங்கவயலின் குடும்பங்கள் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறின. பேராக்கிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போக, மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். பால்மரக் காட்டை உருவாக்கிய கைகளும் பொற்பாறையைக் குடைந்த கைகளும் ஒரே மண்ணில் பிறந்தவை. வானத்தை அளந்த வரலாற்றை எழுதுவோர், அந்த அளவுகோலை வெட்டித் தந்தவர்களுக்கும் அதில் ஓர் இடம் தருதல் வேண்டும்.