தலையிடி என்று வந்த சனமும் தயா சோமசுந்தரத்தின் ஆய்வுகளும்

1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நாங்கள் தென்மராட்சிக்கு நடந்தோம். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தலையிடி தொடங்கியது. பிறகு நெஞ்சு படபடப்பு, கை கால் உளைவு, உச்சந்தலையில் எரிவு. போன இடமெல்லாம் வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்றோம். எல்லா இடத்திலும் பனடோல் தந்தார்கள். ஒரு வைத்தியசாலையில் இளம் டொக்டர் ஒருவர் அம்மாவின் துண்டைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்டுமில்லை அம்மா” என்றார். வெளியே வந்ததும் அம்மா என்னைக் கேட்டா: “ஒண்டுமில்லையெண்டா ஏன் பிள்ளை இப்பிடி நோகுது?”

அந்தக் கேள்விக்குரிய விடையை நான் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ ஆய்விதழில்தான் வாசித்தேன். அந்த ஆய்வு, நாங்கள் இடம்பெயர்வதற்கு ஓராண்டு முன்னரே, 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் வெளிவந்திருந்தது. எழுதியவர்கள் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர்களான தயா சோமசுந்தரமும் சிவயோகனும். போருக்குள் வாழ்ந்த பொதுமக்களில் ஏறக்குறைய நூறு பேரை எழுமாறாகத் தெரிந்தெடுத்து அவர்கள் விசாரித்திருந்தார்கள். போர் நெருக்கீடு எதையுமே அனுபவிக்காதவர்கள் அவர்களில் 6 சதவீதம் மட்டுமே. உளசமூகப் பாதிப்பு இருந்தவர்கள் 64 சதவீதம். அந்தப் பாதிப்புகளில் அதிகமாகக் காணப்பட்டது எது தெரியுமா? உள வேதனை உடல் நோவாக வெளிப்படுவது: 41 சதவீதம். நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் 27 சதவீதம், பெரும் மனச்சோர்வு 25 சதவீதம். தலையிடி, நெஞ்சு நோ, உளைவு என்று வந்து நின்ற சனத்தை “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இந்தக் கட்டுரை தயா சோமசுந்தரத்தின் ஆய்வுப் பயணம் பற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். வடக்கில் உளமருத்துவர்களை விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த போர்க்காலத்தில் இரு தசாப்தங்களுக்கு மேல் அங்கேயே வைத்தியம் பார்த்தவர். ராஜினி திரணகம, ராஜன் ஹூல், ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவர். ராஜினி 1989 செப்ரெம்பர் 21 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். நூல் 1990 இல் வெளிவந்தது. அந்த நூலின் அரசியலோடு உடன்படாதவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. அந்த விவாதத்தை நான் இங்கே திறக்கவில்லை. ஆனால் கூட எழுதியவர் கொல்லப்பட்ட ஊரிலேயே ஒருவர் தொடர்ந்து நோயாளரைப் பார்த்தார், தொடர்ந்து எழுதினார் என்பதை அவருடைய ஆய்வுகளை வாசிக்கும்போது மறக்க முடிவதில்லை.

1998 இல் அவருடைய முதலாவது பெரிய நூல் ஆங்கிலத்தில் வந்தது. காயப்பட்ட மனங்கள் என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். இலங்கைத் தமிழர் மீது போர் ஏற்படுத்திய உளவியல் தாக்கம்தான் பொருள். 2014 இல் வந்த இரண்டாவது நூலின் தலைப்பைக் காயப்பட்ட சமூகங்கள் எனலாம். மனங்களிலிருந்து சமூகங்களுக்கு வந்துசேர 16 ஆண்டுகள். அவருடைய ஆய்வு வாழ்க்கையின் முக்கியமான நகர்வு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவர் கம்போடியாவிலும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். கெமர் ரூஜ் ஆட்சிக்குப் பிறகு அந்த நாட்டில் உளமருத்துவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. வைத்தியரே இல்லாத நாட்டில் உளநலப் பணியை எங்கிருந்து தொடங்குவது? பிக்குகள், நாட்டு வைத்தியர்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று சனம் ஏற்கெனவே ஆறுதல் தேடிப் போகிறவர்களோடு சேர்ந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபின் வடக்கிலும் அந்த வழியையே காண்கிறோம். கிராம மட்டப் பணியாளர்களுக்காகத் தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றி அவரும் சிவயோகனும் எழுதிய கைநூலைச் சாந்திகம் 2000 இல் வெளியிட்டது. சவாசனம், செபம், எண்ணெய் தேய்த்தல் போன்ற எங்களுடைய பழக்கங்களைச் சிறு உளநோய்களுக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2002 இல் ஓர் ஆய்வுக்கட்டுரையும் எழுதினார். இந்துவுக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு: அவரவர் நம்பிக்கையில் உள்ளதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது அணுகுமுறை. மூடநம்பிக்கையை மருத்துவம் ஆக்குகிறார் என்று சிலர் முகம் சுளிக்கலாம். குளிசை முடிந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கும் சனத்தோடு வேலை செய்தவர்கள் சுளிக்கமாட்டார்கள்.

அதே 2002 இல் சிறுவர் போராளிகள் பற்றி அவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதியது வேறொரு வகை. ஒரு பிள்ளை ஏன் இயக்கத்துக்குப் போகிறது என்பதில் தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். இராணுவ வன்முறை, இடப்பெயர்வு, வறுமை, படிக்க வழியில்லாமை என்பவை தள்ளின. பிரசாரமும் வீர வழிபாடும் இழுத்தன. இரண்டு தரப்புக்கும் உவப்பில்லாத கட்டுரை அது.

இனி 2007. சுனாமிக்குப் பிறகு செய்த ஆய்வு ‘கூட்டு மனவடு’ என்ற கருத்தை வடஇலங்கைக்குப் பொருத்தியது. கருத்து புதியதல்ல. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் 1972 இல் பஃபலோ கிறீக் வெள்ளத்தில் 125 பேர் இறந்தபோது, தப்பியவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் கை எரிக்சன், தனிமனிதனின் காயம் வேறு, சமூகம் என்ற இழையே அறுந்துபோகும் காயம் வேறு என்று எழுதினார். தயா சோமசுந்தரம் அதை எங்கள் ஊர்களில் கண்டார். தமிழரின் அடையாளத்தில் ஊர் என்பது எவ்வளவு பெரிய பங்கு என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். எங்களிடத்தில் குடும்பம்தான் அதிர்ச்சியைத் தாங்கும் அலகு, தனியாள் அல்ல என்கிறார். சுனாமி ஒரு நாளில் அள்ளிக்கொண்டு போனது. நீண்ட போரோ அதைவிட ஆழமாகச் சமூகத்தை மாற்றியது. ஒருவரை ஒருவர் நம்பாமை, மௌனம், தலைமைத்துவம் இல்லாமை, மற்றவரில் தங்கியிருத்தல், விழுமியங்கள் தேய்தல் என்று அந்த மாற்றங்களை அவர் பதிவு செய்தார்.

இதை நான் வாசித்தது 2010 இல், மீள்குடியேறிய ஒரு வன்னிக் கிராமத்தில் களப்பணியாளராக இருந்த நேரம். என் கையில் ஒரு வினாக்கொத்து. “கெட்ட கனவு வருகிறதா? ஆம் / இல்லை.” ஓர் அம்மா சொன்னா: “கனவு வாறதுக்கு முதல் நித்திரை வரவேணுமே தங்கச்சி.” அதற்கு என்னிடம் கட்டம் இருக்கவில்லை. ஒரே கிணற்றில் தண்ணி அள்ளும் இரண்டு வீடுகள், முகாமில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்ற சந்தேகத்தில் கதைப்பதில்லை. அதற்கும் கட்டம் இல்லை. 2009 க்குப் பிறகு வீதிக்கும் கட்டடத்துக்கும் கிடைத்த அனுமதி உளசமூகப் பணிக்குக் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஆறுதல் சொல்வதற்கும் கடிதம் தேவைப்பட்ட காலம் அது.

வன்னியிலிருந்து வந்த ஏறக்குறைய 3 இலட்சம் பேரின் நிலை பற்றிய அவருடைய ஆய்வும் 2010 இல்தான் வந்தது. அதில் சதவீதம் முன்னுக்கு வரவில்லை. தப்பியவர்கள் சொன்ன கதைகள், வரைந்த படங்கள், கடிதங்கள், கவிதைகள்தான் சான்று. 1994 இல் நூறு பேரை எண்ணிய அதே ஆய்வாளர் இங்கே எண்ணவில்லை, கேட்டார். எண்ணிக்கை இல்லாததால் இது ஆய்வே இல்லை என்று சொல்பவர்களும் இருப்பார்கள். என் வினாக்கொத்துகளின் கதி தெரிந்ததால் நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

ஒரு விடயத்தில் எனக்கு அவரோடு முரண்பாடு உண்டு. செயலற்ற, மௌனமான, தங்கி வாழும் சமூகம் என்ற விவரிப்பை வாசிக்கும்போது ஒரு கூச்சம் வருகிறது. மீண்டெழும் ஆற்றல் பற்றியும் அந்த வன்னி ஆய்வு பேசுகிறது, உண்மைதான். ஆனால் பிறர் எடுத்துக் கையாளும்போது முதற் பாதிதான் மிஞ்சுகிறது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் வீதியோரம் குந்திய தாய்மாரைப் பாருங்கள். படங்களை மடியில் வைத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்காக இருந்தார்கள். கேள்வி கேட்கவே போராட்டம் நடத்த வேண்டிய இடத்தில், மௌனம் நோயின் அறிகுறியா, அல்லது உயிர் தப்பும் வழியா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதை இனிவரும் ஆய்வாளர்கள்தான் செய்யவேண்டும்.

தயா சோமசுந்தரம் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட்டிலும் சித்திரவதையிலிருந்து தப்பி வந்த அகதிகளோடு வேலை செய்தவர். செத்தவீடு, ஒப்பாரி, எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று எங்கள் சடங்குகள் துக்கத்தைப் படிப்படியாக இறக்கிவைக்க உதவுபவை. ஆனால் உடல் இல்லாத இடத்தில், நாள் தெரியாத இடத்தில் அந்தப் படிகளில் முதலாவதிலேயே கால் வைக்க முடியாது.

எங்கள் வீட்டில் அது அண்ணா. 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை. திகதி தெரியாததால் அந்தியேட்டி செய்யவில்லை. செய்யச் சொன்ன சொந்தக்காரரோடு அம்மா கதைப்பதையே விட்டுவிட்டா. அந்தத் தலையிடி இன்னும் இருக்கிறது. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறா. இப்போது பார்க்கும் டொக்டர் முதலில், “வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் அம்மா?” என்று கேட்கிறாராம்.