சமவுயரக் கோடு சொல்லும் வரலாறு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஏட்டுச்சுவடியையும் நினைப்பது நம் வழக்கம். நில அளவையாளர் வரைந்த இடவிளக்கப்படமும் அத்தகைய சான்றே என்பதை இன்று எடுத்துக்காட்ட விழைகின்றேன். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய ஓரங்குலப் படங்களுள், தும்பறை மலைநாட்டைக் காட்டுவதை எடுத்துக்கொள்வோம்.

தரையில் ஒரு மைல், தாளில் ஓரங்குலம். அதாவது 63,360 இல் ஒரு பங்கு. கண்டிக்கு வடகிழக்கே எழும் இம்மலைத்தொடர், மடக்கிய கையின் விரல்மூட்டுகளை ஒத்திருந்தமையால், ஆங்கிலேயர் அதனை ‘நக்கிள்ஸ்’ என்றனர். மக்கள் வழக்கிலோ அது தும்பறை.

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளே இப்படத்தின் உயிர். 6,000 அடிக்கு மேல் ஓங்கிய சிகரங்களின் சரிவிலே அவை நெருங்கிக் கிடக்கும். மகாவலிப் பள்ளத்தாக்கிலே விலகிப் பரவும். விலகிய இடத்தில் வயல், வயலையொட்டி ஊர், ஊர்களுக்கு நடுவே தெல்தெனியா நகர்.

அப்பள்ளத்தாக்கின் குறுக்கே 1978 இல் தொடங்கிய விக்டோரியா அணை 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. 210 மெகாவாற்று மின்வலு நாட்டுக்குக் கிடைத்தது; அந்நன்மையை மறுப்பாரில்லை. நீர்த்தேக்கத்தின் நிறைமட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 438 மீற்றர். ஏறத்தாழ 1,437 அடி.

நிறைந்த நீரின் கரை என்பது யாது? அதுவும் ஒரு சமவுயரக் கோடே! பழைய படத்தில் 1,400 அடிக் கோட்டுக்கும் 1,500 அடிக் கோட்டுக்கும் இடையே விரலை ஓட்டிச் செல்லுங்கள். எந்த வயல் மூழ்கும், எந்த வீதி அறும் என்பது அணை எழுமுன்னரே அங்கு எழுதப்பட்டிருந்தது. பழைய தெல்தெனியா நீருள் மறைந்தது. குடிகள் மேட்டுநிலத்திலும் தொலைவிலுள்ள குடியேற்றங்களிலும் வாழ்வைப் புதிதாய்த் தொடங்கினர்.

கடும் வறட்சியில் நீர் தாழும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் வெளித்தோன்றுவதுண்டு. ஆயினும், எவ்வீதி எவ்வூரிலிருந்து வந்து கூடிற்று என்பதைப் படமே தெளிவாகச் சொல்லும்.

தும்பறை மலைக்காட்டை 2010 இல் உலகம் தன் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. மூழ்கிய பள்ளத்தாக்குக்கோ அப்பழைய தாளே அரிய சாட்சி. எனவே, 50,000 இல் ஒரு பங்கு அளவில் புதிய படங்கள் வந்துவிட்டன என்று பழையவற்றைக் கழித்துவிடலாகாது. ஆசிரியர்கள் இரண்டையும் வகுப்பறையிலே அருகருகே விரித்துவைப்பார்களாக. ஒன்றில் வயலும் வீதியுமாய் இருந்த இடம் மற்றதில் நீலநிறமாய் இருப்பதைக் காணும் மாணவன், ‘அங்கிருந்தோர் எங்கே சென்றனர்?’ என்று கேட்பான். வரலாற்றுப் பாடம் அந்த வினாவிலேதான் தொடங்குகின்றது.