விரும்பிக் கேட்டவள்

இசை வரலாற்றைப் பாடம் நடத்தும்போது பாடியவர்களைப் பற்றியே பேசுகிறோம். கே.பி. சுந்தராம்பாளும் எம்.எஸ்ஸும் டி.கே. பட்டம்மாளும் மேடை ஏற என்ன விலை கொடுத்தார்கள் என்று இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் கேட்டவள் எங்கே? ‘ரசிகர்’ என்றதும் சபாவின் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் ஆண்தான் நினைவுக்கு வருகிறார். ஒரு பெண்ணுக்கு ஒரு பாட்டுப் பிடித்திருந்தது, அதை அவள் ஊரறியச் சொன்னாள் என்பதற்குச் சான்று தேடியபோது நான் போய் நின்ற இடம் இலங்கை வானொலி.

1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் அந்தப் பாட்டுகள் அருகிப்போயின. கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். அதற்குப் பிறகும் தமிழ்க் கடற்கரை ஊர்கள் கொழும்பை விடவில்லை. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய எங்கள் புதுச்சேரியும் அப்படித்தான். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் எல்லாரும் எங்கள் வீடுகளில் உறவுக்காரர்கள் போல.

பாட்டுக்கு இணையாகப் பெயர்களுக்காகவும் கேட்டார்கள். ஒரு பாட்டை விரும்பிக் கேட்டவர்கள் என்று ஊரும் பெயருமாக ஒரு பட்டியல் வாசிக்கப்படும். வாக்காளர் பட்டியலுக்கும் ரேஷன் அட்டைக்கும் வெளியே, தன் விருப்பத்தை முன்னிட்டு ஒரு சாதாரணப் பெண்ணின் பெயர் பொதுவெளியில் ஒலித்த அரிய இடம் அது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தாத்தா வீட்டில் ரேடியோ கூடத்து அலமாரியில் இருந்தது. பெண்கள் அடுப்படியிலிருந்து கேட்கலாம். குமிழைத் தொடக் கூடாது. அம்மா தன் அண்ணன் பெயரில் இரண்டு முறை கடிதம் எழுதினார். இரண்டு முறையும் வாசித்தார்கள். மாமா ஊரில் பெரிய ரசிகராகிவிட்டார். மூன்றாவது முறை, 1973இல், பதினெட்டு வயது அம்மா தன் பெயரையே எழுதி, கல்லூரிக்குப் போகும் தோழியிடம் கொடுத்துத் தபாலில் சேர்த்தார். கேட்டது ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய பாட்டு. ஏன் அந்தப் பாட்டு என்று கேட்டேன். “நாயனம் போற எடத்துக்கெல்லாம் அந்தப் பொண்ணும் விடாம போவுது பாரு” என்றார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அலை ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நடுவே, முத்தியால்பேட்டையும் அம்மாவின் பெயரும் வந்தன. அடுத்ததாக வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு ஆணின் பெயர். பாட்டு முடிவதற்குள் தாத்தா ரேடியோவை நிறுத்திவிட்டார். “பக்கத்துல வந்தவன் யாரு?” என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அன்றைக்கு அடி விழுந்தது. அடுத்த தையில் கல்யாணம்.

இரண்டு பேருக்கு ஒரே பாட்டுப் பிடித்திருந்தது. அவர்களுக்குள் வேறெந்தத் தொடர்பும் இல்லை. இருந்தும் பெண்ணின் ரசனை வீட்டுக்கு வெளியே தெரிந்தால் அது ஒழுக்கப் பிரச்சினையாகிவிடுகிறது. அண்ணன் பெயரில் போனபோது அதே விருப்பம் குடும்பத்துக்குப் பெருமையாக இருந்தது.

“அடி வாங்குனது அவ்ளோவா ஞாபகம் இல்லடி. அந்தம்மா எம்பேர வாசிச்சது இன்னும் காதுல இருக்குது” என்பார் அம்மா. பாட்டின் மறுபாதியை அவர் கேட்டது கல்யாணத்துக்குப் பிறகு, என் அப்பா வாங்கிய டிரான்சிஸ்டரில்.

பிரான்சில் 1982இல் தொடங்கிய இசைத் திருவிழா ஜூன் 21ஐ ஒட்டி எங்கள் ஊரிலும் நடக்கிறது. தெருவில் நின்று யாரும் கேட்கலாம், கட்டணம் இல்லை. அதற்குப் போய்வந்த மாணவிகளிடம், பிடித்த பாட்டையும் மறக்க முடியாத ஒரு நொடியையும் எழுதித் தாருங்கள், வகுப்பில் வாசிப்போம் என்றேன். கிடாருக்குப் பக்கத்தில் நின்றதை, தெரியாத கூட்டத்தோடு சேர்ந்து தொண்டை கட்டப் பாடியதை, விடுதிக் கதவு மூடுவதற்குள் ஓடிவந்ததை எழுதியிருந்தார்கள்.

முப்பத்திரண்டு தாள்கள். பதினோரு தாள்களில் பெயர் இல்லை.

அடுத்த வகுப்பில், தாள்களை வாசிப்பதற்கு முன், அம்மாவின் கதையைச் சொன்னேன். முடித்ததும் ஒருத்தி எழுந்து வந்தாள். தன் தாளைத் திருப்பி வாங்கி, மேசையிலேயே குனிந்து பெயரை எழுதினாள். ஊரையும் எழுதினாள்.