இதயத் தமனி நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்பு

இதயத் தமனி நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்பு என்பது, இதயத் தசைக்குக் குருதி வழங்கும் தமனிகள் குறுகியோ அடைபட்டோ உள்ள நோயாளிகளுக்குச் செவிலியர்கள் அளிக்கும் கண்காணிப்பு, அவசர உதவி, நலக்கல்வி ஆகியவற்றைக் குறிக்கும்.

வரலாறு

மாரடைப்புக்குப் பிந்திய முதல் சில மணி நேரத்தில், இதயக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்குவதால் பலர் இறக்கின்றனர். சில நிமிடங்களுக்குள் மின்னதிர்ச்சி அளித்தால் இயல்பான துடிப்பை மீட்க இயலும். முற்காலத்தில் இந்நோயாளிகள் பொதுப் பிரிவுகளில் வைக்கப்பட்டதால், மருத்துவர் வந்து சேருமுன் காலம் கடந்துவிடும். 1961 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவர் டெஸ்மண்ட் ஜூலியன், இவர்களைத் தனிப்பிரிவில் வைத்து இடைவிடாது கண்காணிக்க வேண்டும் என முன்மொழிந்தார். 1960களில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் இப்பணிக்குச் செவிலியர்களைப் பயிற்றுவித்தனர். ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்னலை வரைபடத்தில் ஆபத்தை இனங்கண்டு, மருத்துவருக்காகக் காத்திராமல் தாமே மின்னதிர்ச்சி அளிப்பதும் அப்பயிற்சியில் அடங்கும். இத்தகைய பிரிவுகள் பரவிய பின், மருத்துவமனைகளில் மாரடைப்பு இறப்புகள் குறைந்தன.

செவிலியர் பணிகள்

* நெஞ்சுவலியுடன் வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்தல். நீரிழிவு நோயாளிகளிடமும் பெண்களிடமும் நெஞ்சுவலியின்றி மூச்சுத்திணறலோ களைப்போ மட்டும் தோன்றக்கூடும்.
* நைட்ரோகிளிசரின் தருமுன் குருதி அழுத்தத்தை அளத்தல். இம்மருந்து அதனை மேலும் தாழ்த்தக்கூடும்.
* ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சைக்குப் பின், குழாய் செலுத்திய இடத்தில் குருதிக் கசிவையும், அந்தக் கை அல்லது காலின் நாடித்துடிப்பையும் கவனித்தல்.
* ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், குருதி உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது என வீடு திரும்புமுன் விளக்குதல்.